ஒரு கட்டம் போகும் சிப்பாய்

எங்கள் தாத்தா ஆடிய செஸ்ஸில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். பள்ளிக்கூடத்தில் கற்ற புது விதியோடு நான் வந்து நின்றபோது, "ஏல, காலாளு நடந்துதாம்ல போவான். தாண்டிக் குதிக்கதுக்கு அவன் என்ன குதிரையா?" என்று கேட்டார். எங்கள் ஊரான ஆய்க்குடியின் திண்ணைகளில் அன்று நடந்தது நாட்டு ஆட்டம். ராஜாவும் யானையும் சேர்ந்து கோட்டை கட்டுவது அதில் கிடையாது. அதற்குப் பதிலாக, இன்னும் செக் வாங்காத ராஜாவுக்கு ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை குதிரைப் பாய்ச்சல் உண்டு. கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் நினைத்த காயாக மாறிவிட முடியாது. எந்தக் காயின் வீட்டில் போய் நிற்கிறதோ அந்தக் காயாகத்தான் மாறும்.

சின்ன வித்தியாசங்கள்தான். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தையே அவை மாற்றிவிடும். ஈ4 கட்டத்துக்கு வர ராஜாவின் சிப்பாய்க்கு இரண்டு நகர்த்தல் வேண்டும். அதனால் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் வரைக்கும் காயும் காயும் முட்டிக்கொள்ளாது. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தை ஒழுங்கு செய்துகொண்டிருப்பார்கள். ஜி சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றி, ராஜாவை ஈ1-லிருந்து ஜி2-க்குத் தாவவிட்டு அதன் பின்னால் உட்கார வைப்பார் தாத்தா. இல்லையென்றால் அந்த ஜி2-வில் பிஷப்பை வைத்து மூலைக்கு மூலை பார்க்க விடுவார். யார் முதலில் சிப்பாயைச் சிப்பாயோடு உரச விடுகிறார்கள், எந்த இடத்தில் உரச விடுகிறார்கள் என்பதில்தான் அந்த ஆட்டத்தின் புத்தியெல்லாம் இருந்தது. சுற்றி நின்று பார்ப்பவர்களும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள்.

ஓப்பனிங் பற்றி நான் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். படிக்கப் படிக்க ஒன்று உறுதியானது. ஓப்பனிங் என்பது நகர்த்தல்களின் வரிசை அல்ல, சிப்பாய்களின் அமைப்பு. காய்கள் போகும், வரும், வெட்டுப்படும். சிப்பாய் பின்னால் போகாது. முதல் பதினைந்து நகர்த்தலில் சிப்பாய்களை எங்கே நிறுத்தினோமோ அதுதான் நாற்பதாவது நகர்த்தலில் நம் முன்னால் வந்து நிற்கும். இதை ஒரு கட்டமாக நடந்து பழகியவர்கள் எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1850-களில் கல்கத்தாவில் மகேஷ்சந்திர பந்தோபாத்யாயா என்பவர் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்கார வழக்கறிஞரோடு ஏராளமான ஆட்டங்கள் ஆடினார். காக்ரேன் ஐரோப்பாவின் நல்ல ஆட்டக்காரர்களோடு ஆடிய கை. மகேஷ்சந்திரர் நாட்டு ஆட்டத்தில் வளர்ந்தவர், ஐரோப்பிய விதிகளைப் பிறகு கற்றவர். 1855-இல் நடந்த ஒரு ஆட்டத்தை நான் பலகையில் வைத்துப் பிள்ளைகளுக்கு அடிக்கடி காட்டுவேன். வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6. வெள்ளை சி4, கறுப்பு ஜி6. வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்ததும் கறுப்பு டி5. பிறகு பிஷப் ஜி7-க்குப் போகிறது, கோட்டை கட்டுகிறது, டி5-இல் வெட்டு நடந்ததும் சி5 என்று ஓரத்திலிருந்து அடி விழுகிறது. இன்றைக்கு எந்த நல்ல ஆட்டக்காரரிடம் காட்டினாலும் "குருன்ஃபெல்ட் டிஃபென்ஸ்" என்று உடனே சொல்லிவிடுவார். ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அதைப் பெரிய போட்டிகளில் கொண்டுவந்தது 1922-இல். நடுவில் அறுபத்தேழு ஆண்டு.

அந்தக் காலத்து ஐரோப்பா நடுக்கட்டங்களை உடனே பிடிக்க வேண்டும் என்று நம்பியது. எதிரியை நடுவுக்கு வரவிட்டு, தூரத்திலிருந்து பிஷப்பால் குறிவைத்து, பிறகு சிப்பாயால் அடிப்பதை அவர்கள் ஓர் ஓப்பனிங்காகவே எண்ணவில்லை. மகேஷ்சந்திரருக்கு அது இயல்பாக வந்தது. சிப்பாய் ஒரு கட்டம் மட்டுமே போகும் ஆட்டத்தில் ஜி6-உம் டி6-உம் அன்றாட நகர்த்தல்கள். கிங்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன், குயின்ஸ் இந்தியன் என்று உலகம் இன்று ஆடும் ஒரு பெரிய குடும்பத்துக்கு நம் நாட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இந்த ஆட்டமுறைதான் காரணம். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை கிங்ஸ் இந்தியன் ஆடினால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

மீர் சுல்தான் கானின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பஞ்சாப்பைச் சேர்ந்த அவர் 1929-இல் தன் எஜமானரோடு இங்கிலாந்து போய், அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932-லும் 1933-லும் மறுபடி ஆனார். ஹேஸ்டிங்ஸில் கபாபிளாங்காவை வென்றார். ஓப்பனிங் புத்தகம் அவருக்குத் தெரியாது. பல ஆட்டங்களில் பதினைந்தாவது நகர்த்தலில் அவர் நிலை சுமாராகத்தான் இருக்கும். அங்கிருந்து சிப்பாய் சிப்பாயாக மீட்டு, கடைசிக் கட்டத்தில் ஜெயிப்பார். தொடக்கம் தெரியாமல் உலகத் தரத்துக்குப் போக முடியும், முடிவு தெரியாமல் போக முடியாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் நான் தேடியதில்லை.

இனி புத்தகங்கள். எழுபது, எண்பதுகளில் தென்காசிப் பக்கம் செஸ் புத்தகம் கிடைப்பது அபூர்வம். எங்களைக் காப்பாற்றியவை சோவியத் வெளியீடுகள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சிகளில் நாவல்களுக்கும் அறிவியல் நூல்களுக்கும் நடுவில் ஒன்றிரண்டு செஸ் நூல்கள் இருக்கும். நல்ல கெட்டி அட்டை, மிகக் குறைந்த விலை. அலெக்சி சொகோல்ஸ்கியின் 'யுவர் ஃபர்ஸ்ட் மூவ்' அப்படித்தான் என் கைக்கு வந்தது. தொடக்க ஆட்டக்காரருக்கு இன்றும் அதை எடுத்துக் கொடுப்பேன்.

புத்தகத்தை வாசிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு போஸ்ட்கார்டை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்து, அடுத்த நகர்த்தலை மறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வரி தெரியும்படி கார்டைக் கீழே இறக்கி, பலகையில் காயை நகர்த்தி, அடுத்தது என்னவாக இருக்கும் என்று யோசித்து, தாளில் எழுதி வைத்து, அதற்குப் பிறகுதான் கார்டை இறக்கிப் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும். இர்விங் செர்னேவின் 'லாஜிகல் செஸ்' இப்படி வாசிப்பதற்கென்றே எழுதியது போல இருக்கும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விளக்கம் எழுதியிருப்பார், முதல் நகர்த்தலுக்கும்கூட.

என் அலமாரியில் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் என்றால் டேவிட் பிரான்ஸ்டைன் எழுதிய சூரிச் 1953 நூலை வைத்துக்கொள்வேன். பதினைந்து பேர் ஆடிய போட்டி, இருநூற்றுப் பத்து ஆட்டங்கள். ஆடியவர்களில் ஒருவரே உட்கார்ந்து அத்தனை ஆட்டத்துக்கும் விளக்கம் எழுதியிருக்கிறார். நீளமான கிளை நகர்த்தல்களைக் கொட்டாமல், இந்த இடத்தில் இவர் என்ன நினைத்தார், எதற்குப் பயந்தார் என்று எழுதுவார். அதில் தைமானோவுக்கும் நெய்டோர்ஃபுக்கும் நடந்த ஆட்டம் கிங்ஸ் இந்தியனுக்கு ஒரு பாடசாலை. நடுவில் சிப்பாய்கள் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளை ராணிப் பக்கத்தில் சி5 என்று உடைக்கப் போகிறது. கறுப்பு ராஜா பக்கத்தில் எஃப்5, எஃப்4 என்று இறங்குகிறது. நெய்டோர்ஃபின் ஜி சிப்பாயை மட்டும் கவனித்து வாருங்கள். ஜி6, ஜி5, ஜி4, பத்தொன்பதாவது நகர்த்தலில் ஜி3. ஒரு தடவைகூட இரண்டு கட்டம் தாண்டவில்லை. வந்து சேர்ந்தபோது வெள்ளை ராஜாவின் வாசலையே பிளந்துவிட்டது. எங்கள் தாத்தா பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

சின்ன ஊரில் ஆடுவதற்கு ஆள் வேண்டுமே. சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சீசனுக்கு வரும் சொந்தக்காரர்களில் மதுரை, சென்னைக்காரர் யாராவது ஆடத் தெரிந்தவராக இருப்பார். அருவியில் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டோடு பலகையில் உட்காருவோம். மற்ற மாதங்களில் எனக்குத் துணை அஞ்சல் செஸ். ஒரு கார்டில் நம் நகர்த்தலை எழுதிப் போட்டு, பதில் கார்டுக்குக் காத்திருக்கும் ஆட்டம்.

சர்வதேச அஞ்சல் ஆட்டத்தில் எழுத்துக்குப் பதில் எண்கள்தான். 'ஏ'யிலிருந்து 'ஹெச்' வரை உள்ள நெட்டு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். அதனால் ஈ2-விலிருந்து ஈ4 என்பது 5254. எந்த மொழிக்காரருக்கும் புரியும். பத்து நகர்த்தலுக்கு முப்பது நாள் யோசிக்கலாம். கடிதம் வழியில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. ஒவ்வொரு கார்டிலும் அவர் கார்டு கிடைத்த தேதி, நான் பதில் எழுதிய தேதி, அவருடைய நகர்த்தல், என்னுடைய நகர்த்தல் என நான்கையும் எழுத வேண்டும். அவர் கட்டாயம் இதைத்தான் ஆடுவார் என்று தெரிந்தால், "நீங்கள் அதை ஆடினால் நான் இதை ஆடுகிறேன்" என்று அடுத்த நகர்த்தலையும் சேர்த்து எழுதி, ஒரு கார்டு செலவை மிச்சப்படுத்தலாம். அப்படி எழுதிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

இதில் புத்தகம் பார்த்து ஆடலாம். நேரில் உட்கார்ந்து ஆடும்போது அது தவறு, அஞ்சலில் அது விதிக்கு உட்பட்டது. அதனால் ஓப்பனிங் பற்றிய என் படிப்பு முழுக்க அஞ்சலில் நடந்தது. ஒரு பிரெஞ்சு டிஃபென்ஸின் முதல் பன்னிரண்டு நகர்த்தல் முடிய மாதக்கணக்கில் ஆகும். அத்தனை மாதமும் அந்த நிலை மேசையில் ஒரு சிறு பலகையில் அப்படியே நிற்கும். சாப்பிடப் போகும்போது ஒரு பார்வை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு பார்வை. புத்தகம் சொன்ன நகர்த்தலை ஏன் சொன்னது என்று புரிந்துகொள்ள அவகாசம் இருந்தது. இன்று ஒரு நிமிட ஆட்டம் ஆடும் பிள்ளைகள் ஒரு ராத்திரியில் ஐம்பது ஓப்பனிங்கைத் தொட்டுவிடுகிறார்கள். எதையும் பார்ப்பதில்லை.

பெரிய ஓப்பனிங் களஞ்சியங்களையும் நான் மதிக்கிறேன். 'மாடர்ன் செஸ் ஓப்பனிங்ஸ்' 1911-இல் முதலில் வந்தது. பெல்கிரேடிலிருந்து 1966 முதல் வரும் 'இன்ஃபார்மன்ட்' தொகுப்புகளும் அவர்கள் வகுத்த ஏ00 முதல் ஈ99 வரையிலான ஐந்நூறு குறியீடுகளும் இல்லாவிட்டால் இந்தக் காட்டில் வழி கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவை தேடிப் பார்ப்பதற்கான நூல்கள். ஒரு பக்கத்தின் கடைசியில் 'வெள்ளைக்குச் சற்று மேல்' என்று ஒரு குறி போட்டிருக்கும். அந்தச் சற்று மேல் எந்தச் சிப்பாயால் வந்தது என்று அங்கே எழுதியிருக்காது. அதற்கு முழு ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டக்காரர்களில் எனக்கு முதலில் மானுவல் ஆரோன். 1935-இல் பர்மாவில் பிறந்தவர். 1959-லிருந்து 1981 வரை ஒன்பது தடவை தேசிய சாம்பியன். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலில் கடைசி இடத்தில்தான் முடித்தார். அந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தால் போர்டிஷ், ஊல்மன் இரண்டு பேரையும் வென்றிருப்பது தெரியும். பயிற்சியாளர் கிடையாது, புத்தகம் கிடைப்பது கஷ்டம், வெளிநாட்டுப் போட்டி எப்போதாவது. அப்படிப்பட்ட நிலையிலிருந்து போய் அடித்த அடி அது. நாட்டு விதிகளை விட்டு இந்தியா சர்வதேச விதிக்கு மாறியதில் அவருடைய தலைமுறைக்குப் பெரிய பங்கு உண்டு. 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் மிகைல் டால் பெயரில் அவர் தொடங்கிய கிளப்பில்தான் ஒரு சின்னப் பையன் மின்னல் வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தான்.

மயிலாடுதுறையில் பிறந்த அந்த ஆனந்த் 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன் ஆகி, அடுத்து இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரும் ஆனபோது எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த தெம்பைச் சொல்லி முடியாது. அவருடைய ஆட்டங்களில் ஓப்பனிங் பற்றிய பாடத்துக்கு நான் எடுப்பது அவர் தோற்ற ஒன்றை. 1995, நியூயார்க், உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடி. உலகப் பட்டத்துக்காகக் காஸ்பரோவோடு ஆடியதில் முதல் எட்டு ஆட்டம் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். பத்தாவதில் ரூய் லோபஸின் திறந்த வகை. பதினான்காவது நகர்த்தலில் காஸ்பரோவ் பிஷப்பை சி2-வுக்குக் கொண்டுவந்தார். அடுத்து குதிரையை பி3-இல் வைத்து, மூலையில் இருந்த யானையையே எடுத்துக்கொள் என்று விட்டார். வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்தது அது. பலகையில் உட்கார்ந்து ஒருவரால் அதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியாது.

2008-இல் பான் நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்த் அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தார். எப்போதும் ஈ4 ஆடுபவர், கிராம்னிக்குக்கு எதிராக டி4 ஆடினார். மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்புக் காயோடு செமி ஸ்லாவில் பிஷப்பை பி7-இல் நிறுத்தும் கூர்மையான வகையைத் தயாரித்துக் கொண்டுவந்து இரண்டையும் ஜெயித்தார். முடிவு ஆறரைக்கு நாலரை. தயாரிப்பு என்பது இந்த உயரத்தில் இப்படி நடக்கிறது. கூட ஒரு குழு, மாதக்கணக்கில் உழைப்பு, ஒரே ஓர் எதிரி. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த மாதிரி தயாரிப்பை விலைக்கு விற்கிறவர்களை நான் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளையின் எதிரி ஆறாவது நகர்த்தலிலேயே புத்தகத்துக்கு வெளியே போய்விடுவான்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஏழிலிருந்து பதினேழு வயதுவரை செஸ் என்ற திட்டம் 2013-இல் வந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய குதிரைத் 'தம்பி'யின் படம் எங்கள் ஊர்ப் பேருந்துகளில்கூடப் போனது. இப்போது ஞாயிறு காலையில் பிள்ளைகள் என் வீட்டுக்கு வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் உள்ள ஊர் என்பதால் சக்கர நாற்காலியில் வருபவரோடு எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வித்தியாசமாகவே நினைப்பதில்லை. திருச்சி ஜெனிதா ஆண்டோ மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் போட்டியில் பல தடவை பெண்கள் சாம்பியன் ஆனவர். அவருடைய ஆட்டங்களையும் பார்க்கிறோம்.

புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் சில வாரம் சிப்பாய்களும் ராஜாவும் மட்டும்தான். மற்றக் காய்கள் பெட்டியிலேயே இருக்கும். எட்டுக்கு எட்டு சிப்பாய், யார் முதலில் கடைசி வரிசைக்குப் போகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். எந்தச் சிப்பாயைத் தள்ளினால் எது தனியாக நிற்கும், எது எதைத் தடுக்கும் என்பது விளையாட்டிலேயே பதிந்துவிடும். பெற்றோர் சிலருக்கு இதில் பொறுமை இல்லை. "அண்ணாச்சி, எப்ப ஓப்பனிங் சொல்லிக் கொடுப்பிய?" என்று கேட்பார்கள். இதுவும் ஓப்பனிங்தான் என்று சொல்வேன். பிறகு 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்ததைப் பலகையில் வைத்துக் காட்டுவேன். உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் டிராவை நோக்கிப் போகும் நிலை. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் லிரென் யானையை எஃப்2-வில் வைத்தார். குகேஷ் யானையை வெட்டிக் கொண்டார், அடுத்து பிஷப்பை டி5-இல் வைத்து அதையும் மாற்றக் கேட்டார். அதற்குப் பிறகு பலகையில் மிச்சமிருப்பது ராஜாவும் சிப்பாய்களும். உலகப் பட்டம் அங்கே கைமாறியது, பதினெட்டு வயதில். கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைக் கம்ப்யூட்டர் என்ஜின் பக்கம் விடாமல் சொந்த மூளையால் கணக்குப் போட வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

இப்போது எங்களுக்குள் நடக்கும் வாதம் லண்டன் சிஸ்டம் பற்றியது. டி4, பிஷப் எஃப்4, ஈ3, சி3 என்று எதிரி என்ன செய்தாலும் அதையே வைத்துக்கொண்டு போகலாம். அது கெட்ட ஓப்பனிங் அல்ல, கார்ல்சனே ஆடியிருக்கிறார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஸார், லண்டன் ஆடுனா முத எட்டு மூவ் யோசிக்கவே வேண்டாம் ஸார்" என்றான். அதனால்தான் இந்த வயதில் வேண்டாம் என்கிறேன். ஒரு வருஷம் ஈ4 ஆடட்டும். சிசிலியனும் பிரெஞ்சும் காரோ கானும் எதிரே வரட்டும். ஒவ்வொன்றிலும் சிப்பாய்கள் வேறு வேறு மாதிரி பூட்டிக்கொள்வதை அவன் கண்ணால் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் லண்டன்தான் பிடிக்கிறது என்றால் தாராளமாக ஆடட்டும்.

அரைமனதாகத்தான் சம்மதித்தான். தென்காசியில் வரப்போகும் போட்டிக்கு ஈ4 ஆடப் போகிறான். எதிரே பிரெஞ்சு வந்தால் ஈ5 என்று தள்ளுவதா, வெட்டி மாற்றுவதா என்று கேட்டான். தள்ளினால் டி4-உம் ஈ5-உம் ஒரு சங்கிலி, கறுப்பு அதன் அடிக்கண்ணியைத்தான் சி5 என்று அடிக்கும். அந்த அடியைத் தாங்க சி3, குதிரை எஃப்3 என்று எதை எந்த வரிசையில் வைப்பது என்பதை நிம்சோவிச் 1925-இல் எழுதிய 'மை சிஸ்டம்' நூலில் சிப்பாய்ச் சங்கிலி அத்தியாயத்தில் பார்த்துவிட்டு வரச் சொல்லி, என் பிரதியை அவனிடம் கொடுத்திருக்கிறேன். எக்ஸ்சேஞ்ச் வகையைப் போட்டி முடிந்த பிறகு பார்க்கலாம்.